கென்ட் ரிஜ் வளாகத்துக்கு வரும் ஆய்வு மாணவருக்கு: காரைப் பிறகு பார்க்கலாம், முதலில் வீடு

கோயம்புத்தூரிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் கென்ட் ரிஜ் வளாகத்தில் பொறியியலில் முனைவர் படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. மனைவிக்கு ராபின்சன் சாலையில் வேலை. ஒன்றரை வயதில் ஒரு மகள். ஊரில் இருவருமே கார் ஓட்டிப் பழகியவர்கள். “அக்கா, தேக்கா (லிட்டில் இந்தியா) பக்கம் வீடு எடுத்தால் நம்ம சாப்பாடு, கோயில் எல்லாம் கிட்ட இருக்கும் என்கிறார்கள். அங்கே தங்கி, ஒரு பழைய கார் வாங்கி ஓட்டிக்கொள்ளலாமா? வளாகத்தில் பார்க்கிங் கிடைக்குமா? இல்லை, பஸ்ஸும் ரயிலும் போதுமா?” இதுதான் கேள்வி.

முதலில் நேரடியான பதில். கார் வேண்டாம். தேக்காவிலும் வேண்டாம். கிளிமெண்டி, டோவர், புவன விஸ்தா, காமன்வெல்த் வட்டாரங்களுக்குள் ஒரு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு பாருங்கள். பஸ், ரயில், ஒரு சைக்கிள், எப்போதாவது ஒரு டாக்சி, இவை உங்கள் குடும்பத்துக்குப் போதும். ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இதே கணக்கை நான் தப்பாகப் போட்டு ஒன்றரை வருடம் அலைந்திருக்கிறேன்.

நான் 2012இல் ஆய்வு மாணவியாக இங்கே வந்தேன். தெரிந்தவர்கள் சொன்னபடி ஃபேரர் பார்க் அருகில் ஓர் அறை எடுத்தேன். காலையில் வடகிழக்கு ரயிலில் ஹார்பர்ஃபிரண்ட் வரை போய், அங்கே சர்க்கிள் லைன் மாறி கென்ட் ரிஜ்ஜில் இறங்குவேன். காலைப் பயணத்தில் ஒரு குறையும் இல்லை. உட்கார இடம்கூடக் கிடைக்கும். சிக்கலெல்லாம் இரவில்தான். ஆய்வகத்தில் ஒரு சோதனையை மாலை ஆறு மணிக்குத் தொடங்கினால் அது முடிகிற நேரத்தில்தான் முடியும், நமக்காகக் காத்திருக்காது. பதினொன்றரை மணிக்கு வளாகத்தை விட்டு ஓடி, ஒரு ரயிலைப் பிடித்து, மாறும் நிலையத்தில் அடுத்ததைத் தவறவிட்டு, டாக்சிக்குக் காசு எண்ணிய இரவுகள் எத்தனையோ. ரயில் சேவை நள்ளிரவை ஒட்டி முடிந்துவிடும். முன்பு வெள்ளி, சனி இரவுகளில் ஓடிய இரவு பஸ்கள் கோவிட் காலத்தில் நின்றன, பிறகு திரும்பி வரவேயில்லை. ஆகவே ஆய்வு மாணவர் வீடு தேடும்போது காலை எட்டு மணிப் பயணத்தை வைத்துக் கணக்குப் போடக் கூடாது. இரவு பன்னிரண்டரைக்கு எப்படி வீடு சேர்வேன் என்பதை வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

இப்போது தேக்காவிலிருந்து கென்ட் ரிஜ் வருவது எனக்கு இருந்ததைவிட எளிது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2015 டிசம்பரில் டவுன்டவுன் லைனின் இரண்டாம் கட்டம் திறந்தபின், லிட்டில் இந்தியாவில் ஏறினால் நியூட்டன், ஸ்டீவன்ஸ் தாண்டி மூன்றாவது நிறுத்தம் பொட்டானிக் கார்டன்ஸ். நிலையத்துப் பலகையில் தமிழில் ‘பூமலை’ என்று எழுதியிருக்கும். அந்தக் காலத்துத் தமிழர்கள் அந்தப் பூங்காவை அழைத்த பெயர் அது, ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் எனக்கு மனம் நிறையும். அங்கே சர்க்கிள் லைன் மாறினால் ஐந்தாவது நிறுத்தம் கென்ட் ரிஜ். பகல் வேலைக்கு மட்டும் போய் வருபவருக்கு இது நல்ல வழி. சோதனையும் கையுமாக இருப்பவருக்கு, கூடவே கைக்குழந்தை உள்ள வீட்டுக்கு, நான் சொல்ல மாட்டேன்.

கிளிமெண்டிப் பக்கம் ஏன் என்கிறேன் என்றால், அங்கே உங்கள் இருவர் வழியும் ஒரே வாசலில் பிரிகிறது. உங்கள் மனைவி கிளிமெண்டியில் கிழக்கு மேற்கு ரயில் ஏறினால் மாறாமலே எட்டாவது நிறுத்தம் தஞ்சோங் பகார், அதற்கு அடுத்தது ராஃபிள்ஸ் பிளேஸ். ராபின்சன் சாலை இந்த இரண்டுக்கும் நடுவில் ஓடுகிறது. எந்த நிலையம் அலுவலகத்துக்குக் கிட்ட என்பதை முதல் வாரத்திலேயே கண்டுபிடித்துவிடுவார். நீங்கள் அதே கிளிமெண்டி பஸ் முனையத்தில் 96ஆம் எண் பஸ் ஏறினால், அது வளாகத்துக்குள்ளேயே புகுந்து பொறியியல் பீடத்தின் பக்கம் கொண்டுவிடும். புவன விஸ்தாவில் வீடு கிடைத்தால் 95ஆம் எண். அங்கே கிழக்கு மேற்கு லைனும் சர்க்கிள் லைனும் சந்திக்கின்றன, கென்ட் ரிஜ் இரண்டே நிறுத்தம். டோவரிலும் காமன்வெல்த்திலும் உங்கள் மனைவிக்கு அதே கிழக்கு மேற்கு லைன்தான்.

குழந்தையை மறந்துவிடாதீர்கள். இது பலரும் விட்டுவிடுகிற கணக்கு. பராமரிப்பு நிலையம் எங்கே என்பதுதான் உங்கள் காலைப் பயணத்தின் முதல் நிறுத்தம். வீவக பேட்டைகளில் பல பராமரிப்பு நிலையங்கள் புளோக்கின் (அடுக்குமாடிக் கட்டடத்தின்) கீழ்த்தளத்திலேயே இருக்கின்றன. மின்தூக்கியில் இறங்கி, பிள்ளையை விட்டுவிட்டு, நிலையத்துக்கு நடப்பது என்றால் வாழ்க்கை சுலபம். எதிர்த்திசையில் இரண்டு பஸ் நிறுத்தம் தள்ளி இருந்தால், தினமும் அரை மணி நேரம் போய்விடும். மாலையில் யார் போய் அழைத்து வருவது என்பதில் வரும் வாக்குவாதம் தனி. பிள்ளையின் தள்ளுவண்டியை மடிக்காமலே பஸ்ஸில் ஏற்றலாம், 2017இலிருந்து அப்படித்தான். 0.9 மீட்டர் உயரத்தைத் தாண்டாத பிள்ளைக்குக் கட்டணமும் இல்லை. இதெல்லாம் கார் இல்லாத குடும்பத்துக்கு உண்மையான உதவி.

அடுத்தது கட்டணம். இங்கே ஒரு ஏமாற்றம் காத்திருக்கிறது, முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். பல்கலைக்கழக மாணவர் சலுகை அட்டை என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அது முதல் பட்டப்படிப்பு முழுநேர மாணவர்களுக்கானது. முதுநிலை, முனைவர் மாணவர்கள் பெரியவர்களுக்கான கட்டணம்தான் செலுத்த வேண்டும். கையில் மாணவர் அட்டை இருக்கும், ஆய்வு உதவித்தொகையில் வாழ்வோம், ஆனாலும் பஸ்ஸில் நாம் மாணவர் இல்லை. எனக்கு இது நியாயமாகப் பட்டதே கிடையாது. முழுநேரமாகப் படிக்கிறவர்தான் ஆய்வு மாணவரும். இருந்தாலும் விதி விதிதான், வரவு செலவு போடும்போது சலுகையைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

ஆனால் பெரியவர் கட்டணமும் தாங்கக்கூடியதே. 2010 ஜூலை முதல் தூரத்தை வைத்துத்தான் கட்டணம். பஸ்ஸிலிருந்து ரயில், ரயிலிலிருந்து பஸ் என்று மாறினாலும் ஒரே பயணமாகக் கணக்காகும். மிகக் குறைந்த தூரத்துக்கு ஒரு வெள்ளிக்குச் (சிங்கப்பூர் டாலர்) சற்று மேல், தீவின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு இரண்டரை வெள்ளி அளவில். கிளிமெண்டியிலிருந்து வளாகத்துக்கு உங்களுக்கு அந்தக் குறைந்த பட்சத்தை ஒட்டித்தான் வரும். மாதம் 22 நாள், போக வர என்று பெருக்கிப் பார்த்தால் அறுபது வெள்ளிக்குள் முடியும். பெரியவர்களுக்கான மாதப் பயண அட்டை ஒன்று உண்டு, 120 வெள்ளிக்குச் சற்று மேல். உங்களுக்கு அது நஷ்டம். ஜூரோங் வெஸ்ட்டிலோ தெம்பனிசிலோ தங்கி, வாரம் ஏழு நாளும் பல இடங்களுக்கு ஓடுகிறவருக்குத்தான் அது கட்டுப்படியாகும்.

மாறும் பயணத்துக்குச் சில விதிகள் உண்டு. இரண்டு மணி நேரத்துக்குள் ஐந்து முறை வரை மாறலாம். ஒன்றிலிருந்து இறங்கி அடுத்ததில் ஏறுவதற்குள் 45 நிமிடம் தாண்டக் கூடாது. அதே எண் பஸ்ஸில் மறுபடி ஏறினால் புதிய பயணம். இந்த 45 நிமிடத்தை நன்றாகப் பயன்படுத்தலாம்: கிளிமெண்டியில் இறங்கி, சந்தையில் கீரையும் மீனும் வாங்கிக்கொண்டு, வேறு எண் பஸ் ஏறி வீட்டுக்குப் போனாலும் ஒரே பயணம்தான். பஸ்ஸை விட்டு இறங்கும்போதும் அட்டையைத் தட்ட மறக்காதீர்கள், நம் ஊர் டவுன் பஸ் பழக்கத்தில் முதல் மாதம் எல்லாரும் மறப்பார்கள். மறந்தால் அந்தப் பஸ் கடைசி நிறுத்தம் வரை போகிற கட்டணம் பிடிக்கும். உங்கள் மனைவிக்கு ஒரு செய்தி: வாரநாளில் காலை 7.45க்கு முன் ரயில் நிலையத்துக்குள் நுழைந்துவிட்டால் 50 காசு வரை குறையும். பராமரிப்பு நிலையம் ஏழு மணிக்குத் திறந்தால் இது கைகூடும்.

எந்த அட்டை என்றால், வந்த முதல் வாரம் ஊர் வங்கி அட்டையைத் தட்டாதீர்கள். வெளிநாட்டில் வழங்கப்பட்ட அட்டைக்குப் பயன்படுத்தும் ஒவ்வொரு நாளும் 60 காசு நிர்வாகக் கட்டணம் உண்டு. பணம் ஏற்றிப் பயன்படுத்தும் ஓர் ஈசிலிங்க் பயண அட்டை வாங்கிக்கொள்ளுங்கள், இங்கே வங்கிக் கணக்குத் திறந்தபின் அந்த வங்கி அட்டையையே தட்டலாம். பழைய வகை ஈசிலிங்க் அட்டையில் மீதி எவ்வளவு என்று வாயிற்கதவிலேயே தெரியும். 2024 ஜனவரியில் அந்த வகையை நிறுத்தப்போவதாக நிலப் போக்குவரத்து ஆணையம் அறிவித்தது. மீதித் தொகை கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்று மக்கள் கேட்டதும், அதே மாதம் முடிவை மாற்றிக்கொண்டது. மாத இறுதியில் காசை எண்ணி நடக்கும் மாணவருக்கு அந்த எண் கண்முன் இருப்பது பெரிய நிம்மதி.

வளாகத்துக்குள் நுழைந்தபின் வேறு உலகம். கென்ட் ரிஜ் ஒரு குன்று. வரைபடத்தில் அருகருகே தெரியும் இரண்டு கட்டடங்களுக்கு இடையில் ஏறி இறங்கும் படிக்கட்டுகள் இருக்கும், மதிய வெயிலில் சட்டை நனைந்துவிடும். கென்ட் ரிஜ் ரயில் நிலையம் தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனையை ஒட்டியது. மருத்துவம், அறிவியல் பீடத்தவர்களுக்கு அது வாசல் மாதிரி. பொறியியல், கணினியியல், கலைப் பீடங்களுக்கு அங்கிருந்து வளாகப் பஸ் பிடிக்க வேண்டும். அது இலவசம். ஏ1, ஏ2 இரண்டும் வளாகத்தை எதிரெதிர்த் திசையில் சுற்றுகின்றன. டி1, டி2 யுனிவர்சிட்டி டவுனைத் தொட்டுப் போகும். புக்கிட் தீமா வளாகத்துக்குத் தனிப் பஸ். எப்போது வரும் என்று பார்க்கப் பல்கலைக்கழகத்தின் செயலி இருக்கிறது, முதல் நாளே இறக்கிக்கொள்ளுங்கள். இரண்டு விஷயம் மட்டும் மனதில் வையுங்கள். வகுப்பு முடிகிற நேரத்தில் இந்தப் பஸ்கள் நிரம்பி வழியும், ஒன்றிரண்டு கண்ணெதிரே நிற்காமலே போகும். விடுமுறைக் காலத்தில் இடைவெளி கூடும், ஆனால் ஆய்வு மாணவருக்கு விடுமுறை என்று தனியாக ஒன்று கிடையாது. இதனால்தான் வளாகத்துக்குள்ளேயே புகும் 95, 96 பஸ்களை நான் இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

இனி சைக்கிள். கிளிமெண்டிக்குக் குடிமாறிய பிறகு என் இரவுப் பயத்தைத் தீர்த்தது அதுதான். நள்ளிரவில் சாலை காலி, காற்று குளிர்ச்சி, பதினைந்து நிமிடத்தில் வீடு. பகலில் மட்டும் மேடு ஏறும்போது வேர்த்துக் கொட்டும், ஆய்வகத்தில் ஒரு மாற்றுச் சட்டை வைத்திருப்பேன். பக்கத்தில் சைக்கிள் பாதை இல்லாத நடைபாதையில் சைக்கிள் ஓட்ட அனுமதி உண்டு, வேகம் மணிக்கு 10 கிலோமீட்டருக்குள். சைக்கிள் பாதையிலும் பூங்கா இணைப்புப் பாதையிலும் 25 வரை. சாலையில் ஓட்டினால் தலைக்கவசம் கட்டாயம். இருட்டியபின் முன்னால் வெள்ளை விளக்கும் பின்னால் சிவப்பு விளக்கும் வேண்டும். மடக்கு சைக்கிள் வாங்கினால் ரயிலிலும் பஸ்ஸிலும் கொண்டுபோகலாம், மடக்கிய பின் 120க்கு 70க்கு 40 சென்டிமீட்டருக்குள் அடங்க வேண்டும். சொந்தமாக வேண்டாம் என்றால் எனிவீல், ஹலோரைடு வாடகை சைக்கிள்கள் எல்லாப் பேட்டையிலும் நிற்கும். இறங்கியதும் நிறுத்துமிடத்துக் கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்தால்தான் பயணம் முடிந்ததாகக் கணக்கு.

மின்ஸ்கூட்டர் வாங்கலாமா என்று அடுத்து கேட்பீர்கள். 2019 நவம்பரிலிருந்து நடைபாதையில் அதற்கு இடமில்லை, சைக்கிள் பாதையில் மட்டும்தான். பதிவு, எழுத்துத் தேர்வு எல்லாம் உண்டு. உங்கள் வீட்டிலிருந்து வளாகம் வரை அறுபடாத சைக்கிள் பாதை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் பாதி தூரம் அதைத் தள்ளிக்கொண்டுதான் நடக்க வேண்டும்.

காருக்கு வருகிறேன். உங்கள் ஆசையைக் கெடுப்பதற்காகச் சொல்லவில்லை, கணக்கைப் பாருங்கள். சிங்கப்பூரில் கார் வாங்கும் முன் அதை வைத்திருக்கும் உரிமையை வாங்க வேண்டும். வாகன உரிமைச் சான்றிதழ், எல்லாரும் சிஓஇ என்போம். 1990 மே மாதம் தொடங்கிய ஏற்பாடு. ஏலத்தில் விலை முடிவாகும், பத்து வருடத்துக்குச் செல்லும். 2018 பிப்ரவரியிலிருந்து கார்களின் எண்ணிக்கைக்கு வளர்ச்சி விகிதம் பூஜ்யம். பழைய கார் ஒன்று போனால்தான் புதிதாக ஒன்று வர முடியும். 2023 அக்டோபரில் சிறிய கார்களுக்கான சிஓஇ 106,000 வெள்ளியைத் தொட்டது, பெரிய கார்களுக்கு 150,001. ஒரு லட்சம் வெள்ளி என்றே வைத்துக்கொண்டாலும், காரின் விலையைத் தொடாமல், உரிமைக்கு மட்டும் மாதம் 833 வெள்ளி. ஓர் ஆய்வு மாணவரின் குடும்பத்துக்கு அதுவே வாடகையில் பெரிய பங்கு.

பழைய கார் என்றால் இதிலிருந்து தப்பிக்கலாம் என்று நினைக்காதீர்கள். சிஓஇயில் மீதமுள்ள வருடங்களின் மதிப்பு அதன் விலைக்குள்ளேயே இருக்கும். அதனால்தான் இங்கே யாரும் காரை மொத்த விலையில் பேசுவதில்லை, வருடத் தேய்மானம் எவ்வளவு என்றுதான் கேட்பார்கள். என் ஆய்வகத் தோழர் ஒருவர் சிஓஇ இரண்டு வருடம் மிச்சமிருந்த காரை வாங்கினார். குழந்தை பிறந்த சந்தோஷத்தில் எடுத்த முடிவு. வாங்கிய மூன்றாம் மாதமே கியர்பாக்ஸ் போனது, விற்றவர் கைகழுவிவிட்டார். ரிப்பேர் செலவு போக, வாரநாளில் அவர் பஸ்ஸில்தான் வளாகத்துக்கு வந்தார், காரணம் பஸ் வேகமாக வந்தது. கார் புளோக்கின் கீழே நின்றபடியே தேய்ந்தது. கடன் வாங்கலாம் என்றாலும், மத்திய வங்கியின் விதிப்படி விலையில் 60 அல்லது 70 விழுக்காடு வரைதான் தருவார்கள், ஏழு வருடத்துக்குள் அடைக்க வேண்டும். மீதி முன்பணம் கையிலிருந்து.

பிறகுதான் பார்க்கிங். காரை இரவு நிறுத்த வீவகவில் மாதச் சீசன் வாங்க வேண்டும். குடியிருப்பவரின் முதல் காருக்குக் கூரையுள்ள இடம் என்றால் 110 வெள்ளி, திறந்தவெளி என்றால் 80. வளாகத்தில் பகலில் நிறுத்த அங்கே தனியாக ஒரு சீசன். அதை வாங்கினாலும் உங்கள் கட்டடத்து வாசலில் இடம் கிடைக்கும் என்று பொருளல்ல, தாமதமாக வந்தால் குன்றின் மறுபக்கம் நிறுத்திவிட்டு வளாகப் பஸ் பிடிக்க வேண்டிவரும். அப்படியென்றால் எதற்குக் கார்? மனைவியை ராபின்சன் சாலையில் இறக்கிவிடலாம் என்றால், காலையில் ஆயர் ராஜா விரைவுச்சாலையில் நகரத்தை நோக்கி நெரிசல், வழியில் இஆர்பி வளைவுகள். இஆர்பி என்கிற இந்த மின்னியல் சாலைக் கட்டணம் 1998இலிருந்து இருக்கிறது, நேரத்துக்கு ஏற்ப மாறும்.

காரை எப்போதாவது வாடகைக்கு எடுப்பீர்கள், அதனால் நிறுத்தும் முறையைத் தெரிந்துகொள்வது நல்லது. கெட்கோ போன்ற பகிர்வுக் கார்கள் வீவக அடுக்குமாடி நிறுத்துமிடங்களிலேயே நிற்கின்றன, மணிக்கணக்கில் எடுத்துத் திரும்ப அதே இடத்தில் விட வேண்டும். வீட்டுச் சாமான் ஏற்ற, குழந்தையோடு சாங்கி கடற்கரைக்குப் போக, இது போதும். வெளிநாட்டு உரிமத்தை ஏற்பார்களா என்று பதிவு செய்யும்போதே பார்த்துவிடுங்கள். வீவக நிறுத்துமிடத்தில் வெள்ளைக் கோட்டுக் கட்டம் எல்லாருக்கும், சிவப்புக் கோட்டுக் கட்டம் சீசன் வைத்திருப்பவர்களுக்கு. புதியவர்கள் அபராதம் வாங்குவது பெரும்பாலும் இந்தச் சிவப்புக் கோட்டில்தான். நகர மையத்துக்கு வெளியே அரை மணிக்கு 60 காசு. மையத்தில் திங்கள் முதல் சனி வரை காலை 7 முதல் மாலை 5 வரை 1.20 வெள்ளி. இரவு 10.30 முதல் காலை 7 வரை எவ்வளவு நேரம் நின்றாலும் 5 வெள்ளிக்கு மேல் போகாது. ஞாயிற்றுக்கிழமைகளிலும் பொது விடுமுறைகளிலும் பல நிறுத்துமிடங்களில் பகலில் இலவசம், நுழைவாயில் பலகையில் எழுதியிருக்கும். தடுப்புக்கம்பி உள்ள நிறுத்துமிடத்தில் முதல் பத்து நிமிடத்துக்குக் கட்டணமில்லை, பிள்ளையை இறக்கிவிட அது போதும். தடுப்புக்கம்பி இல்லாத இடங்களில் முன்பு காகிதக் கூப்பனைக் கிழித்து வைப்போம். 2017 அக்டோபரிலிருந்து பார்க்கிங்.எஸ்ஜி செயலியில் வண்டி எண்ணையும் நேரத்தையும் போட்டால் முடிந்தது. சீக்கிரம் கிளம்பினால் மீதிப் பணம் திரும்பிவிடும். சாலையோரம் இரட்டை மஞ்சள் கோடு இருந்தால் எந்த நேரத்திலும் நிறுத்தக் கூடாது. ஒற்றை மஞ்சள் கோடு என்றால் திங்கள் முதல் சனி வரை காலை 7 முதல் மாலை 7 வரை தடை.

ஓட்டுநர் உரிமம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இந்திய உரிமத்தில் பன்னிரண்டு மாதம் வரை ஓட்டலாம். அதற்கு மேல் இங்கே தங்குகிறவர் சிங்கப்பூர் உரிமமாக மாற்ற வேண்டும், அதற்கு அடிப்படை எழுத்துத் தேர்வு உண்டு. கார் வாங்காவிட்டாலும் முதல் வருடத்துக்குள் இதை முடித்துவிடுங்கள். தள்ளிப்போட்டால் படிப்பின் நான்கு வருடமும் ஓடிவிடும்.

மோட்டார்சைக்கிள்? நம் ஊர்ப் பையன்கள் பலர் இதைத்தான் நினைப்பார்கள். நிறுத்துவது மலிவு, வீவகவில் பகல் முழுவதற்கும் 65 காசு. ஆனால் அதற்கும் சிஓஇ உண்டு, 2022 நவம்பரில் அது 13,000 வெள்ளியைத் தாண்டியது. அதைவிட எனக்குப் பெரிய காரணம் மழை. இங்கே மாலை மழை திடீரென்று கண்ணை மறைக்கும், விரைவுச்சாலையில் லாரிகளுக்கு நடுவில் அந்த மழையில் நிற்பதை என் தம்பி செய்ய நான் விட மாட்டேன்.

நள்ளிரவு டாக்சி என்றால், மீட்டர் டாக்சிக்கு பன்னிரண்டு முதல் காலை ஆறு வரை பாதிக்குப் பாதி கூடுதல். செயலிகளில் கிராப், கோஜெக், டாடா, சிடிஜி ஸிக் என்று நான்கைந்து உண்டு. ஒரே நேரத்தில் இரண்டு மூன்றைத் திறந்து விலை ஒப்பிடுங்கள். வளாகத்திலிருந்து கிளிமெண்டிக்குப் பத்து வெள்ளி முன்னேபின்னே ஆகும். வாரம் இரண்டு தடவை எடுத்தாலும் மாதம் எண்பது வெள்ளி. காரின் சிஓஇக்கு ஆகும் தொகையில் பத்தில் ஒரு பங்கு.

வேறு பல்கலைக்கழகங்களுக்கு வருபவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் சுருக்கமாக இரண்டு வார்த்தை. நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் என்றால் பூன் லேயிலிருந்து 179, 199 பஸ்கள், பயனியர் நிலையத்திலிருந்து வளாகப் பஸ். ஜூரோங் வட்டார லைன் கட்டுமானத்தில் இருக்கிறது, வளாகத்தைத் தொடும் பகுதி 2029க்குத் திட்டமிடப்பட்டிருக்கிறது. அதுவரை ஜூரோங் வெஸ்ட் பக்கம் தங்குவதே நல்லது. சிங்கப்பூர் நிர்வாகப் பல்கலைக்கழகம் நகர நடுவில், அங்கே படிப்பவர் தாராளமாகத் தேக்காவில் தங்கலாம். லிட்டில் இந்தியாவிலிருந்து டோபி காட் ஒரே நிறுத்தம், பிறகு சர்க்கிள் லைனில் பிராஸ் பாசா இன்னொன்று, அல்லது நடை. வரைபடத்தில் பென்கூலன் நிலையம் பக்கத்தில் தெரிகிறதே என்று டவுன்டவுன் லைனில் ஏறிவிடாதீர்கள். அது பேஃபிரண்ட், சைனாடவுன் எல்லாம் சுற்றிக்கொண்டு ஒன்பதாவது நிறுத்தத்தில்தான் அங்கே வரும். நடந்தால் அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிடலாம்.

தேக்காவைப் பற்றி வருத்தம் வேண்டாம். கிளிமெண்டியிலிருந்து ஊட்ரம் பார்க் வந்து வடகிழக்கு லைன் மாறினால் நான்காவது நிறுத்தம் லிட்டில் இந்தியா. ஞாயிற்றுக்கிழமை காலையில் போய், வீரமாகாளியம்மன் கோயிலைக் கும்பிட்டு, தேக்கா சந்தையில் முருங்கைக்காயும் வாழையிலையும் வாங்கி, மதியக் கூட்டம் சேர்வதற்குள் திரும்பிவிடலாம். நாங்கள் அப்படித்தான் செய்கிறோம். தைப்பூசத்தன்று மட்டும் சிராங்கூன் சாலையில் பஸ் வழிகள் மாறும், ரயிலையே நம்புங்கள்.

ஒரே லைனை மட்டும் தெரிந்து வைத்துக்கொள்ளவும் கூடாது. 2024 செப்டம்பர் 25ஆம் தேதி ரயில் பழுதாகித் தண்டவாளம் சேதமடைந்து, ஜூரோங் ஈஸ்ட்டுக்கும் புவன விஸ்தாவுக்கும் இடையே ஆறு நாள் சேவை நின்றது. கிளிமெண்டி அதன் நட்ட நடுவில். அந்த வாரம் பஸ் எண்களைத் தெரிந்தவர்கள் சமாளித்தார்கள், ரயிலை மட்டும் அறிந்தவர்கள் நிலைய வாசலில் வரிசையில் நின்றார்கள். உங்கள் பஸ் நிறுத்தத்தில் வரும் எண்கள் எங்கெங்கே போகின்றன என்று ஓய்வாக ஒரு சனிக்கிழமை பார்த்து வையுங்கள். வளாகத்துக்குள் உள்ள கென்ட் ரிஜ் பஸ் முனையத்திலிருந்து 10 தெம்பனிஸுக்கும், 33 பிடோக்குக்கும், 151 ஹவ்காங்குக்கும் போகின்றன. ரயில் நிற்கும் நாளில் இவைதான் கைகொடுக்கும்.

கடைசியாக, வீடு பார்க்கும் முறை. வீவக வீட்டு வாடகை ஒப்பந்தம் குறைந்தது ஆறு மாதம், பெரும்பாலான வீட்டுக்காரர்கள் ஒரு வருடம், இரண்டு வருடம் கேட்பார்கள். அவசரப்பட்டுக் கையெழுத்துப் போட்டால் அத்தனை நாளும் அந்த வழிதான். முகவர் பகல் இரண்டு மணிக்கு வீட்டைக் காட்டுவார். பார்த்துவிட்டு வாருங்கள், பிடித்திருந்தால் அன்றிரவே பதினொரு மணிக்கு வளாகத்திலிருந்து கிளம்பி அந்த வீட்டு வாசல் வரை ஒரு முறை பயணம் செய்யுங்கள். பஸ் எவ்வளவு நேரத்தில் வருகிறது, நிறுத்தத்திலிருந்து புளோக்குக்குக் கூரை போட்ட நடைபாதை இருக்கிறதா, காப்பிக்கடை திறந்திருக்கிறதா, கீழ்த்தளத்தில் சைக்கிள் பூட்டக் கம்பி இருக்கிறதா என்று பாருங்கள். மறுநாள் காலை எட்டு மணிக்கு உங்கள் மனைவி அதே வாசலிலிருந்து, மகளையும் தூக்கிக்கொண்டு, ரயில் நிலையம் வரை நடந்து பார்க்கட்டும். இருவரும் சரி என்றால் முன்பணம் கொடுங்கள்.